கூண்டு வண்டிகள் வந்த வழியே, கிழக்கே

ஜூன் 30, 2001, சனிக்கிழமை

கலிஃபோர்னியாவின் பிளசன்டனிலிருந்து நியூ ஜெர்சியின் எடிசனுக்குக் காரில் போனால் ஏறத்தாழ 2,900 மைல். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போய்ச் சேர்ந்தாலும் இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் மிச்சமிருக்கும் தூரம் அது. அந்தத் தூரத்தை நானும் என் பத்து வயது மகள் தாரணியும் மட்டும் கடப்பது என்று முடிவுசெய்து, காலை ஆறரை மணிக்குக் கிளம்பினோம்.

நான் கோபிசெட்டிபாளையத்துக்காரி. பெயர் கோமதி. என் கணவர் குமரேசன் மென்பொருள் வேலைக்காக அமெரிக்கா வந்தபோது, தாரணிக்கு ஆறு வயது. அவருடைய விசாவைச் சார்ந்த விசாவில் வந்ததால் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. பள்ளிக்கூடம், கடை, லிவர்மோர் கோயில் என்று பன்னிரண்டு மைல் வட்டத்துக்குள்தான் நான் கார் ஓட்டியிருக்கிறேன். ஓட்டுநர் உரிமம் மூன்றாவது முயற்சியில் கிடைத்தது.

இந்த வருடம் பிளசன்டனைச் சுற்றியிருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஆட்களைக் குறைத்தன. குமரேசனின் கம்பெனியும் குறைத்தது. வேலையில்லாமல் இந்த நாட்டில் தங்க எங்கள் விசாவில் இடமில்லை. நல்லவேளையாக எடிசனில் ஒரு கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் உடனே வரவேண்டும் என்றது. அவர் விமானத்தில் போய்விட்டார். தாரணியின் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும், காரை விற்றுவிட்டு நாங்களும் விமானத்தில் போவதாகத் திட்டம்.

அந்தத் திட்டத்தைச் சொன்ன நாளிலிருந்து தாரணி என்னோடு பேசவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், பேச்சு மட்டும் இல்லை. ஒருநாள் மாலை அவள் அறையில் துணிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவள், "நீங்க ரெண்டு பேரும் டிசைட் பண்ணிட்டீங்க. என்னை யாருமே கேக்கல. பார்சல் மாதிரி என்னையும் பேக் பண்றீங்க" என்றாள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் அமெரிக்க வரைபடத்தை விரித்துவைத்து அவளைக் கூப்பிட்டேன். "ப்ளைட் வேண்டாம் கண்ணு. காரிலயே போலாமா? எங்க நிக்கறது, என்ன பாக்கறதுன்னு நீ சொல்லு."

விருப்பமில்லாமல்தான் வந்து நின்றாள். எண்பதாம் எண் நெடுஞ்சாலை மேலே விரலை ஓட்டினாள். விரல் நெவாடாவில் நின்றது. அந்த வருடம் அவள் வகுப்பில் படித்ததெல்லாம் மேற்கே குடியேறியவர்களின் கதைதான். நூற்றைம்பது வருடங்களுக்கு முன், மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து கலிஃபோர்னியாவுக்கும் ஆரகனுக்கும் கூண்டு வண்டிகளில் கிளம்பியவர்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் மைல், நான்கைந்து மாதம். சாலை கிடையாது.

"அம்மா, இது அந்த ட்ரெயில்" என்றாள். பல நாள் கழித்து அவள் என்னிடம் கோபமில்லாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "அவங்க வெஸ்ட்டுக்கு வந்தாங்க. நாம ரிவர்ஸ்ல போறோம். வயோமிங்ல ஒரு பெரிய ராக் இருக்கு. ஜூலை ஃபோர்த்துக்குள்ள அங்க வந்துடணும். லேட்டானா கடைசில இந்த மவுன்டன்ஸ்ல ஸ்னோவுல மாட்டிப்பாங்க. நாமளும் ஜூலை ஃபோர்த்துக்குள்ள போயிடணும்."

லிவர்மோர் கோயிலில் விஷயம் பரவியது. சென்னையிலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே இருக்கும் சரோஜா ஆன்ட்டி, பிரசாதத் தட்டோடு என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா இது? ஹஸ்பண்டும் கூட இல்ல. ஒரு பொம்பளை, ஒரு சின்னப் பொண்ணு, ஃப்ரீவேல எட்டு நாள் ட்ரைவ் பண்ணப் போறீங்களா? நெவாடாவுல கார் நின்னா யாரு வருவா?"

"நிக்காதுங்க ஆன்ட்டி" என்றேன்.

"நின்னா?"

"நின்னா இறங்கிப் பாக்கறேனுங்க."

குமரேசன் போனில் இதைவிட உரக்கக் கேட்டார். அவருக்கும் அதே பதில்தான்.

சாக்ரமென்டோவைத் தாண்டியதும் சாலை சியரா மலைத்தொடரில் ஏறத் தொடங்கியது. லாரிகள் முக்கிக்கொண்டு ஏற, என் கைகள் ஸ்டீயரிங்கை விடாமல் இறுக்கியிருந்தன. ஏழாயிரம் அடிக்கு மேலே கணவாய். ஜூன் கடைசியிலும் உச்சிகளில் வெள்ளைத் திட்டுகள். இந்த மலைக்கு முன்னால் வந்து நின்ற வண்டிக்காரர்கள் சாமான்களை இறக்கி, மாடுகளை அவிழ்த்து, சங்கிலி போட்டு வண்டிகளை மேலே இழுத்தார்களாம். அது அவர்களுக்குப் பயணத்தின் கடைசிக் கஷ்டம். எனக்கு முதல் நாள் முற்பகல்.

ரீனோவைத் தாண்டி ஐம்பது மைலுக்குள் பச்சை முழுவதும் காணாமல் போனது. வெள்ளை உப்புத் தரை, அதன் மேல் ஆடும் கானல். "இதுதான் ஃபார்ட்டி மைல் டெசர்ட்" என்றாள் தாரணி. கிழக்கிலிருந்து வந்தவர்கள் வாரக்கணக்கில் ஹம்போல்ட் ஆற்றை ஒட்டியே வருவார்கள். அந்த ஆறு கடலுக்குப் போவதில்லை. பாலைவனத்திலேயே வற்றி உவர்ச் சேறாக முடிந்துவிடும். அங்கிருந்து அடுத்த நல்ல தண்ணீருக்கு நாற்பது மைல். வெயிலுக்குப் பயந்து சாயங்காலம் கிளம்பி இரவு முழுக்க நடப்பார்கள். மாடுகள் வழியிலேயே விழுந்து சாகும். மாடில்லாத வண்டியை விட்டுவிட்டு மனிதர்கள் மட்டும் நடப்பார்கள்.

"நடப்பாங்களா? வண்டியில உக்கார மாட்டாங்களா?"

"வண்டி ஃபுல்லா மாவும் சாமானும் தான்மா. குழந்தைங்க, லேடீஸ் எல்லாரும் நடந்துதான் வந்தாங்க. ஏசியை ஆஃப் பண்ணு."

"எதுக்கு?"

"சும்மா. அவங்களுக்கு எப்டி இருந்துச்சுன்னு பாக்கணும்."

அணைத்தேன். கண்ணாடியை இறக்கியதும் காற்று அடுப்புக்குள்ளிருந்து வருவதுபோல் முகத்தில் அடித்தது. சாலையோரம் ஓரிடத்தில் தரையிலிருந்து நீராவி எழுந்துகொண்டிருந்தது. வெந்நீர் ஊற்று. இறங்கிப் பார்த்தோம், கந்தக வாடை. தாகத்தில் வந்த மாடுகள் தண்ணீர் வாசனை பிடித்து ஓடிப்போய் இதில் வாயை வைத்து வெந்துபோனதுண்டு என்று அவள் சொன்னாள். சொல்லி முடித்தவள் பாட்டில் தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"இப்ப ஏசி போடலாமா?"

"இன்னும் கொஞ்ச தூரம்" என்றாள். முகம் செக்கச் சிவந்திருந்தது. லவ்லாக் ஊரின் முதல் மரங்கள் தெரிந்தபிறகுதான் போடவிட்டாள்.

வின்னமக்காவில் இரவுத் தங்கல். மோட்டல் அறை 44 டாலர். கொண்டுவந்த குக்கரில் சோறு வைத்து, பருப்புப்பொடி போட்டுச் சாப்பிட்டோம். அன்றைய தூரம் 390 மைல். படுத்தும் உடம்பு காரிலேயே போய்க்கொண்டிருப்பதுபோல் ஆடியது.

ஜூலை 1, ஞாயிறு

நெவாடா முழுக்க அதே ஹம்போல்ட் ஆறு கூடவே வந்தது. ஆறு என்றால் பவானி மாதிரி நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊர் வாய்க்கால் அளவுதான். பிறகு யூட்டாவில் உப்பு வெளி. பனி பெய்ததுபோல் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை, வளைவே இல்லாத சாலை. தூக்கம் வராமலிருக்க இருவரும் மாற்றி மாற்றிப் பாடினோம். சால்ட் லேக் சிட்டியின் நெரிசலில் எனக்கு வழி தவறியது. தாரணி வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, "அம்மா, ரைட் லேன்! இப்ப இல்ல, அடுத்த எக்ஸிட்!" என்று கத்தியதில்தான் மீண்டும் எண்பதாம் எண் சாலையைப் பிடித்தேன். வயோமிங் எல்லைக்குள் எவன்ஸ்டனில் தங்கினோம்.

ஜூலை 2, திங்கள்

தாரணி சொன்ன பாறை நெடுஞ்சாலையில் இல்லை. ராலின்ஸில் எண்பதை விட்டு இறங்கி, வடக்கே இருவழிச் சாலையில் எழுபது மைல் போகவேண்டும். ராலின்ஸில் டாங்கை நிரப்பிக்கொண்டு திரும்பினோம். வீடு இல்லை, மரம் இல்லை. சாம்பல் பச்சையில் முழங்கால் உயரப் புதர்கள், அவற்றை ஒரே பக்கமாகச் சாய்க்கும் காற்று. எதிரில் வரும் வண்டிகளை எண்ணிவிடலாம்.

முப்பது மைல் போனபின் 'டப்' என்று ஒரு சத்தம். கார் இடப்பக்கம் இழுத்தது. பிரேக்கை அழுத்தாமல், வேகம் தானாகக் குறையவிட்டு, ஓரம் கட்டினேன். முன்சக்கர டயர் கிழிந்து தொங்கியது.

கைபேசியில் சிக்னல் இல்லை. சரோஜா ஆன்ட்டியின் கேள்வி அப்படியே என் முன்னால் வந்து நின்றது. இறங்கிப் பார்த்தேன். டிக்கியிலிருந்த பெட்டிகளையெல்லாம் புல்வெளியில் இறக்கினோம். மிக்ஸி, குக்கர், சுவாமி படங்கள், தாரணியின் புத்தகங்கள் எல்லாம் காற்றில் வெட்ட வெளியில். அடியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்தேன். கார் கையேட்டைத் தாரணி உரக்கப் படித்தாள். ஜாக்கி வைக்குமுன் நட்டுகளைத் தளர்த்தவேண்டும் என்றிருந்தது. ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். குதித்தேன். முதல் நட்டு கிறீச்சிட்டு இளகியது. நான்கு நட்டுகள் அப்படியே வந்தன. ஐந்தாவது எதற்கும் மசியவில்லை. தாரணியும் என் தோளைப் பிடித்துக்கொண்டு என்னோடு ஏறி நின்றாள். இரண்டு பேர் கனத்துக்கும் அது அசையவில்லை.

உள்ளங்கை தோலுரிந்து எரிந்தது. "அம்மா, நீ அழறியா?" என்றாள்.

"இல்ல, காத்து. மறுபடி ஏறு."

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். நீளமான கறுப்புப் பின்னல், ஜீன்ஸ். தூரத்தில் பார்த்தபோது நம்மூர்ப் பெண் என்றே நினைத்துவிட்டேன். அவரும் எங்களை ஒரு நொடி அப்படித்தான் பார்த்தார். பெயர் ரீட்டா, அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒன்றான ஷோஷோனி இனத்தவர். ராலின்ஸில் தங்கையைப் பார்த்துவிட்டு லேண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகிறார். தன் வண்டியிலிருந்து ஒரு இரும்புக் குழாயை எடுத்து ஸ்பேனர் கைப்பிடியில் மாட்டி, "இப்போது தள்ளுங்கள்" என்று என்னிடமே கொடுத்தார். மூவருமாகத் தள்ளினோம். ஐந்தாவது நட்டு இளகியது.

ஸ்டெப்னியை மாட்டும்போது எங்கே போகிறோம் என்று கேட்டார். தாரணி ஆர்வமாகச் சொன்னாள். குடியேறியவர்கள், கூண்டு வண்டி, பாறை, ஜூலை நான்கு எல்லாம். பிறகு, "உங்க ஃபேமிலியும் வேகன்லதான் வந்தாங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ரீட்டா சிரித்துவிட்டார். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: "நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை. வண்டிகள் வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். முதலில் சும்மா போகட்டும் என்றுதான் எங்கள் ஆட்கள் விட்டார்கள். ஆற்றைக் கடக்கக் கைகொடுத்தார்கள். குதிரை விற்றார்கள். வருடா வருடம் கூட்டம் பெருகியது. அவர்கள் மாடுகள் புல்லைத் தின்று தீர்த்தன. காட்டெருமைகள் போய்விட்டன. அப்புறம் நிலமும் போனது. எங்களுக்கு ஒரு மூலையை அளந்து கொடுத்தார்கள். இப்போது அங்கேதான் போகிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். தாரணிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அவங்களை நீங்க வெறுக்கறீங்களா?" என்றாள்.

"அவர்கள் பாறையைப் போய்ப் பார். நல்ல பாறை. அவர்கள் வருவதற்கு முன்பும் அது அங்கேதான் இருந்தது" என்று சொல்லி, பெட்டிகளை ஏற்ற உதவினார். டப்பாவில் இருந்த கடலை உருண்டைகளைக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்துப் பார்த்து, மிச்சத்தையும் வாங்கிக்கொண்டார். முச்சந்திவரை எங்கள் பின்னாலேயே வந்து, ஹாரன் அடித்துவிட்டு இடப்பக்கம் திரும்பிப் போனார். நாங்கள் வலப்பக்கம்.

சின்ன ஸ்டெப்னியில் மெதுவாக உருட்டிக்கொண்டு, பிற்பகல் மூன்றரைக்கு இன்டிபென்டன்ஸ் பாறையை அடைந்தோம். சமவெளியில் தனியாகப் படுத்திருக்கும் கருங்கல் மலை. உயரம் அதிகமில்லை, நூற்றுச் சொச்சம் அடி. சுற்றி வந்தால் ஒரு மைலுக்கு மேல். சங்ககிரிப் பக்கம் பார்த்த கரடுகள் நினைவுக்கு வந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன், வெறுங்காலுக்குப் பாறை நன்றாகப் பிடித்தது. தாரணி எனக்கு முன்னால் தவழ்ந்தும் குதித்தும் போனாள்.

பாறையெங்கும் பெயர்கள். ஆணியாலும் உளியாலும் செதுக்கியவை. சில தெளிவாக, சில பாசியில் பாதி மறைந்து. உச்சியில் நிற்க முடியாத காற்று. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கீழே ஸ்வீட்வாட்டர் ஆறு வளைந்து வளைந்து போனது.

"அந்தக் குழந்தைங்களைக் கேட்டாங்களாம்மா? வரீங்களான்னு?"

"கேட்டிருக்க மாட்டாங்க கண்ணு."

"அம்மாங்களை?"

யோசித்தேன். "சில பேரைக் கேட்டிருக்கலாம். நெறைய பேரைக் கேட்டிருக்க மாட்டாங்க. அப்பா முடிவு பண்ணிருப்பாரு, மூட்டை கட்டிருப்பாங்க."

"ரீட்டா ஆளுங்களையும் யாரும் கேக்கல."

"ஆமா."

பிறகு, "உன்னை? அமெரிக்கா வர்றப்ப?" என்றாள்.

"என்னையும் கேக்கல. டிக்கெட் வந்துச்சு, கிளம்பினேன். எனக்கு ஒரு பேங்க்ல வேலை இருந்துச்சு தெரியுமா? அதை எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

அவள் இதை முதன்முறையாகக் கேட்கிறாள். என்னையே பார்த்தாள்.

"இந்தத் தடவை?"

"இந்தத் தடவை நான்தானே ஓட்டறேன்."

கீழே இறங்கும்போது என் செருப்புகளை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஜூலை 3, செவ்வாய்

இரவு தங்கிய கேஸ்பர் நகரில் டயர் கடை எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்கு முன் மோட்டல் அறையிலிருந்து குமரேசனுக்குப் போன் செய்தேன். நேற்று நடந்ததைச் சொன்னேன். பதில் வேகமாக வந்தது.

"போதும் கோமதி. டென்வர் அங்கிருந்து நாலு மணி நேரம்தான். காரை வந்த விலைக்கு வித்துரு, இல்ல விட்டுட்டு வா. நான் இப்பவே டிக்கெட் போடறேன். புள்ளையை வெச்சுக்கிட்டு இப்படி நட்டநடுவுல நின்னிருக்க... எனக்கு இங்க கையும் ஓடல, காலும் ஓடல."

அவர் குரலில் அதிகாரம் இல்லை, பயம்தான் இருந்தது. அதனால் என்னால் சட்டென்று மறுக்க முடியவில்லை. தோள்பட்டை கல்லாகியிருந்தது. உள்ளங்கைப் புண் சீழ் பிடிக்குமோ என்று கவலை. இன்னும் 1,900 மைல் இருந்தது. "அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேனுங்க" என்று வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். உண்மையிலேயே, போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

தாரணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தக் காலத்துலயும் நெறைய பேர் பாதில திரும்பிப் போயிருக்காங்க அம்மா. தப்பில்ல. அவங்க ஒண்ணு சொல்வாங்களாம். 'நான் யானையைப் பார்த்துட்டேன்'னு."

"யானையா? இங்க ஏது யானை?"

"யானை இல்லம்மா. நம்பவே முடியாத பெரிய கஷ்டத்தைப் பாத்துட்டேன், போதும், வீட்டுக்குப் போறேன்னு அர்த்தம். அவங்க யாரும் நெஜ யானையைப் பாத்திருக்க மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பவானி கோயில் யானையிடம் தேங்காய் கொடுத்து, அதன் தும்பிக்கை ஈரத்தைத் தலையில் வாங்கி வளர்ந்தவள் நான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அவளுக்கும் தொற்றிக்கொண்டது.

"யானையெல்லாம் நான் ஊர்லயே பாத்தாச்சு. பல்லை விளக்கு, கிளம்பலாம்."

குமரேசனிடம், "கார்லயேதான் வர்றமுங்க" என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, "நாலு டயரையும் மாத்திரு. பழசு ஒண்ணும் வேண்டாம்" என்றார். மாற்றினேன். கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டேன்.

நூற்றுப் பத்து மைல் தள்ளி கெர்ன்சி என்ற சிறிய ஊர். அதன் ஓரத்தில், பிளாட் ஆற்றங்கரையில் ஒரு மணற்கல் மேடு. ஆற்றோரம் சதுப்பாக இருந்ததால் எல்லா வண்டிகளும் இந்த ஒரே மேட்டின்மேல் ஏறித்தான் போகவேண்டியிருந்தது. இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் ஏற ஏற, கல் தேய்ந்து வாய்க்காலாகிவிட்டது. தாரணி உள்ளே இறங்கினாள். சில இடங்களில் பாறையின் விளிம்பு அவள் தலையைத் தாண்டியது. இருபக்கச் சுவரையும் கையால் தொட்டுக்கொண்டே நடந்தாள்.

"இதை யாரும் தோண்டலைம்மா. போனாங்க, அவ்ளோதான். போய்ப் போயே இப்டி ஆயிடுச்சு."

மேடு முடியும் இடத்தில் நின்று மேற்கே பார்த்தாள். பிறகு சொன்னாள், "ஸ்கூல்ல என் க்ரூப் வேகன் செஞ்சப்ப, இண்டியன்ஸை ரோட் ஓரத்துல சும்மா பொம்மை மாதிரி வெச்சோம். அது தப்பு. அவங்க ரோட் ஓரத்துல இல்ல. ரோடுதான் அவங்க வீட்டுக்குள்ள போச்சு."

நானும் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

ஜூலை 4, புதன்

நெப்ராஸ்கா. கூண்டு வண்டிகளுக்குத் தொலைவிலிருந்தே வழிகாட்டிய சிம்னி ராக் ஊசிபோல நின்றது. அதன்பின் நாள் முழுக்கப் பிளாட் ஆறு. அகலமாக, ஆழமில்லாமல், மணல் திட்டுகளோடு. பவானி கூடுதுறையில் கோடைக் காவேரியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கார்னியில் சுதந்திர தின மாலை. ஊர் மைதானத்தில் மடக்கு நாற்காலிகளோடு குடும்பங்கள். நாங்களும் புல்லில் துண்டை விரித்தோம். பக்கத்திலிருந்த ஒரு விவசாயக் குடும்பம் எங்களுக்குத் தர்பூசணி வெட்டிக் கொடுத்தது. எங்கிருந்து எங்கே என்று கேட்டவர்கள், நான் ஓட்டிவந்த தூரத்தைக் கேட்டதும் தங்கள் பெரியம்மாவைக் கூப்பிட்டுத் திரும்பவும் சொல்லவைத்தார்கள். வாணவேடிக்கை முடியும்வரை தாரணி என் மடியில் தலைவைத்திருந்தாள்.

ஜூலை 5 முதல் 7 வரை

அயோவாவைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சோளம், இன்னும் சோளம். ஆனால் ஓட்ட அருமையான சாலை. சிகாகோவின் தெற்கு விளிம்பில் எட்டு வரிசைப் போக்குவரத்து. ஓஹாயோவில் சுங்கச்சாவடிகள். கடைசி நாள் பென்சில்வேனியாவில் முந்நூறு மைலுக்கும் மலை வளைவுகள், கொட்டும் மழை, இருபுறமும் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு லாரிகள். கண்ணாடி துடைப்பான் முழு வேகத்தில் ஓடியும் முன்னால் சிவப்பு விளக்குகள் மட்டுமே தெரிந்தன. முதல் நாளாக இருந்திருந்தால் ஓரமாக நிறுத்தி அழுதிருப்பேன். இப்போது வரிசையை விடாமல், லாரிக்குப் பின்னால் இடைவெளி விட்டு, ஓட்டிக்கொண்டே இருந்தேன். தாரணி பேச்சுக் கொடுக்காமல் ஒவ்வொரு எக்ஸிட் எண்ணையும் மட்டும் மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

டெலவேர் ஆற்றுப் பாலத்தில் மழை விட்டது. மலை இடுக்கு வழியே நியூ ஜெர்சிக்குள் நுழைந்தோம். மாலை ஏழு மணிக்கு எடிசன்.

வாகன நிறுத்தத்தில் குமரேசன் நின்றிருந்தார். எத்தனை நேரமாக நின்றிருந்தாரோ தெரியவில்லை. முதலில் தாரணியைத் தூக்கிக்கொண்டார். பிறகு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்பக்கம் முழுக்கப் பூச்சிகள், பத்துப் பதினொரு மாநிலங்களின் மண். என் கைக்கட்டைப் பிரித்துப் பார்த்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

இந்த நாட்டுக்கு நாங்கள் வந்தது விமானத்தில், இரவு, ஜன்னல் மூடியிருந்தது. எத்தனை ஆறுகளையும் யாருடைய நிலத்தையும் தாண்டி வந்தோம் என்று எனக்குத் தெரியாது. நான்கு வருடம் பிளசன்டனில் இருந்தும் இந்த நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. அவர் வேலைக்கு அருகில் இருந்தேன், அவ்வளவுதான். இந்த எட்டு நாளில்தான் இதை மண்ணாகப் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிறு. ஓக் ட்ரீ சாலையில் மதியச் சாப்பாடு. எங்கு திரும்பினாலும் புடவைக் கடை, நகைக் கடை, மசாலா வாசனை. தோசைக்குக் காத்திருக்கும்போது குமரேசன் தண்ணீர் டம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்தார். அவர் எதையோ சொல்லத் தயங்கும்போது இப்படிச் செய்வார்.

"இப்பவே சொல்லிடறேன். இங்க ப்ராஜெக்ட் ஒரு வருஷம்தான். அப்புறம் டெக்ஸாஸ் போகச் சொல்லலாம். டல்லாஸ்."

மறுபடி பல நாள் மௌனத்துக்கு நான் தயாரானேன். தோசை வந்ததும் தாரணி சட்னியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எத்தனை மைல்?"

"ஆயிரத்து ஐந்நூறு இருக்கும்."

"அம்மாவுக்கு மூணு நாள்" என்றாள். தோசையைப் பிய்த்தாள். "ஆனா இந்தத் தடவை முன்னாடியே கேக்கணும். அம்மாவையும், என்னையும்."

குமரேசன் என்னைப் பார்த்தார். நான் அவர் உதவிக்குப் போகவில்லை.

"சரி" என்றார். "கேக்கறேன். வர்றீங்களா?"

தாரணி மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "யோசிச்சுச் சொல்றோம்."